தாத்தா லாட்

என் அப்பாவுக்கு நான் ஏழு மாதம் ஒரு பொய் வேலை கொடுத்து வைத்திருந்தேன். அதை வேலை என்று நம்பி அவர் தினமும் காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எட்டரை மணிக்கு முன்னால் கம்பெனிக்குள் நுழைந்துவிடுவார். அங்கே இருந்த நாற்பது பேருக்கும் அது பொய் என்று தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. என்றைக்காவது தெரிந்துவிடுமோ என்று அந்த ஏழு மாதமும் பயந்துகொண்டே இருந்தேன்.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. குழந்தைகளுக்கான டி-ஷர்ட் தைப்போம். சேவூர்ப் பக்கம் எங்கள் விவசாயக் காட்டில் கிணறு வற்றிப்போனதும் நிலத்தை விற்றுவிட்டு வந்து அப்பா நாலு மெஷினோடு ஆரம்பித்தது. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் ஒரே பெண். என் வீட்டுக்காரருக்கு நூல் வியாபாரம், அவர் உலகம் வேறு. அதனால் கம்பெனி என் கைக்கு வந்தது. அப்பா சேவூரில் பழைய வீட்டில் தானே சமைத்துத் தின்றுகொண்டு, நினைத்த நேரத்தில் மொபெட்டில் வந்து கம்பெனியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். அப்படி இருந்தவர் எழுபத்து நாலாவது வயதில் ஒரு நாள் குளியலறையில் விழுந்தார். லேசான பக்கவாதம் என்றார்கள். இடது கை கொஞ்சம் தளர்ந்துபோனது. கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கோபம் வராத நேரத்தில் அதிகாரம் வரும். "நீ கோயில்ல கும்புடறப்பக்கூடச் சாமிக்கு ஆர்டர் போட்டுட்டுத்தான் வருவ" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த அதிகாரம் முழுவதையும் அப்பாமேல் இறக்கி வைத்தேன். ஆறு மணிக்கு வெந்நீர், எட்டு மணிக்கு ராகிக் கஞ்சி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் பொழுதோடு நடை. மொபெட்டை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்காரரின் தம்பிக்குக் கொடுத்தனுப்பினேன். பாசம் என்றுதான் நினைத்தேன். பாசமும்தான் அது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குளியலறையில் விழுந்தவர் என்பதால் ஆசாரியை வரவழைத்து எங்கள் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னேன். உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டிருக்க முடியாதே. மறுநாள் காலை அப்பா துண்டோடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கதவைத் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"தாப்பாளக் காணமே கண்ணு?"

"நாந்தானுங்ப்பா கழட்டச் சொன்னேன். சும்மா சாத்திக்குங்க, யாரும் வரமாட்டாங்க."

அன்றிலிருந்து குளிக்கப் போனால் கடைசிச் சொம்புத் தண்ணீரை ஊற்றி முடிக்கும்வரை இருமிக்கொண்டே இருப்பார். சளி எதுவும் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது என்று வெளியே தெரிய வேண்டுமே, அதற்காக. ஒரு காலத்தில் மெஷின் சத்தத்தையும் மீறி ஆட்களை அதட்டிய மனுஷன். அந்த இருமல் எதற்கென்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகும் நான் தாழ்ப்பாளைப் போட்டுத் தரவில்லை.

அப்பா மெல்ல மெல்லச் சுருங்கினார். சவரம் செய்வது நின்றது. பேப்பர் படித்துக் காட்டட்டுமா என்றால் வேண்டாம் என்பார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "உன்ற இஷ்டங் கண்ணு." எந்தச் சட்டை எடுத்து வைக்கட்டும் என்றால், "உன்ற இஷ்டங் கண்ணு." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாமா என்று இருக்கும். எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு ஆக்கியவளே நான்தான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசையவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது, ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாகத் தெரியும் என்று டாக்டர் சொன்னார். அப்பா, "அது மட்டும் வேண்டாங் கண்ணு" என்றார். நான் விடுவேனா? கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நானே நாள் குறித்து, ஏசி ரூம் சொல்லிவைத்து, காரை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன். அப்பா கட்டில் காலை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். அந்தக் கையை எடுக்கவே இல்லை. பத்து மணிக்கு டிரைவர் காரைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்.

பக்கவாதத்துக்குப் பார்த்த டாக்டர்தான் அடுத்த தடவை போனபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "உடம்பு தேறிடுச்சு, மனசுதான் படுத்துடுச்சு. சும்மா உக்கார வெக்காதீங்க. ஏதாவது ஒண்ணு அவர் பொறுப்புல இருக்கட்டும்" என்றார். நான் வீட்டுக்கு வருவதற்குள் திட்டம் போட்டுவிட்டேன். திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

தைத்து முடித்த பீஸ்களைச் செக்கிங் டேபிளில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்ப்பார்கள். குறை இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டித் தனியாக வைக்க வேண்டும். ஜன்னல் ஓரம் அப்பாவுக்கென்று ஒரு மேசை, இரண்டு டியூப் லைட், ஒரு ஸ்டிக்கர் தாள். புரைக் கண்ணுக்கு அந்த வெளிச்சம் போதும் என்று நினைத்தேன். "செக்கிங்குக்கு ஆளே கிடைக்கறதில்லீங்ப்பா, நீங்கதான் பாத்துத் தரோணும்" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ. "செரி, பாக்கறேன்" என்றார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து "உன்ற இஷ்டம்" அல்லாத ஒரு பதில்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. செக்கிங்கில் பத்து வருஷமாக இருக்கிற தூத்துக்குடிக்கார அம்மாள், என் வயதுக்காரி, சாயங்காலம் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, தாத்தா பாத்த பண்டலை நான் ஒருக்கா திருப்பிப் பாத்தேன். பதினோரு ஓட்டைய விட்டுருக்காவ. நல்ல பீஸுல வேற நாலு ஸ்டிக்கர் ஒட்டிருக்காவ. என்னக்கா செய்ய?"

நேர்மையான ஆள் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏற்கெனவே ஒதுக்கிப் போட்ட டேமேஜ் பீஸையும், ஆர்டருக்கு மேல் மிஞ்சிப்போன பீஸையும் கலந்து பண்டல் கட்டி அவர் மேசைக்கு அனுப்பச் சொன்னேன். எப்படியும் எங்கும் போகப் போகிறதில்லை. அவர் பார்த்து முடித்ததும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு வேறு விதமாகக் கலந்து இன்னொரு பண்டல். மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்குப் போகிற அரை மணி நேரத்தில் பின்வாசல் வழியாக மாற்ற வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. யாரும் வாய் திறக்கக் கூடாது. பீகாரிலிருந்து பேக்கிங்குக்கு வந்த ஆட்களுக்கும் இந்தி தெரிந்த டெய்லரை வைத்துச் சொல்லிவைத்தேன். ஓர் ஆர்டருக்கான மொத்தச் சரக்கை லாட் என்போம்; கம்பெனியில் இதற்குத் 'தாத்தா லாட்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதுதான் ஆச்சரியம். சவரம் திரும்பி வந்தது. கஞ்சி வேண்டாம், தோசை வேண்டும் என்றார். டீ ஆறிப்போய் வருகிறது என்று சண்டை போட்டார். "ரெண்டாவது மெசின்ல ஊசி மொட்டையாயிருச்சு, மாத்தச் சொல்லு" என்று எனக்கே உத்தரவு போட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்று எத்தனை பண்டல் பார்த்தேன் என்று கதை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். நானும் பெருமையில் பூரித்துப் போனேன். டாக்டர் சொன்னதை டாக்டரே வியக்கிற மாதிரி செய்து காட்டிவிட்டேன் அல்லவா!

ஆனால் பயம் போகவில்லை. மத்தியானம் ஐந்து நிமிஷம் சீக்கிரம் எழுந்துவிட்டார் என்றால் நான் ஆபீஸ் அறையிலிருந்து ஓடிப்போய் எதையாவது பேசி நிறுத்தி வைப்பேன். தூத்துக்குடி அம்மாளுக்குத்தான் இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "எங்க அய்யாவுக்கு இப்படி யாராச்சும் செஞ்சா நான் சும்மா இருப்பனாக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். "உங்க சோலியப் பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம் மின்வெட்டு எங்களை ஆட்டிவைத்தது. ஆர்டரும் குறைந்தது. ஒதுக்கி வைக்கப் புது டேமேஜே இல்லை. ஒரே பண்டல் மூன்று நாளில் மூன்றாவது தடவையாக அப்பாவின் மேசைக்குப் போனது. நெஞ்சில் யானை படம் போட்ட, இரண்டு வயதுக் குழந்தைக்கான டி-ஷர்ட். அவசரத்தில் ஸ்டிக்கர் உரிக்கும்போது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கைக்குழியின் உள்பக்கம், மடிப்புக்குள்.

கண்ணுக்குத் தெரியாதது அப்பாவின் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை அவருடையது, ஒட்டும் முன்னாலேயே ஸ்டிக்கரோடு ஒரு பீஸ் எப்படி வரும்? அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பண்டலில் மிச்சமிருந்த பீஸ்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். சில துணியில் ஸ்டிக்கரின் பசை இன்னும் பிசுபிசுவென்று இருந்திருக்கிறது. பசை தட்டுப்பட்டதையெல்லாம் தனியாக அடுக்கினாராம். பக்கத்தில் இருந்தவர்கள் தையலை நிறுத்திவிட்டு அவரையே பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் என்னைக் கூப்பிடத் தோன்றவில்லை.

அன்று மூன்று மணிக்கு லாரி வர வேண்டும். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகள் ஒட்டித் தயாராக நின்றன. அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், முதல் பெட்டியின் டேப்பைக் கிழித்தார்.

நான் ஓடிப்போனபோது மூன்று பெட்டி திறந்து கிடந்தது. பாலித்தீன் கவரெல்லாம் தரையில். அப்பா பேக்கிங் மேசையில் உட்கார்ந்து, அதே யானை போட்ட ஒரு பீஸை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்ப்பா பண்றீங்க? லாரி வர்ற நேரமுங்க!"

"பாத்துட்டு அனுப்பறேன். செக்கிங் என்ற வேலைதான?" குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"இதெல்லாம் பாத்தாச்சுங்ப்பா."

"யாரு பாத்தது?"

நாற்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கரண்ட் வேறு போய்விட்டது, மெஷின் சத்தம் இல்லை, மூச்சு விட்டாலும் கேட்கும். அப்பா ஐந்து பீஸை எடுத்துத் தனியே வைத்தார். "இதுல எண்ணெய்க் கறை. இதுலயும் கறை. இதக் கொண்டுபோய்க் குடுத்தா நம்ம பேரு என்னாகறது?"

நான் வாங்கிப் பார்த்தேன். ஐந்தும் சுத்தமான பீஸ். ஒரு புள்ளிகூட இல்லை. மணி இரண்டு நாற்பது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்தப் பீஸை அவர் முன்னால் மேசையில் விசிறி அடித்துவிட்டுக் கத்தினேன்.

"கறை பீஸ்ல இல்லீங்ப்பா, உங்க கண்ணுல இருக்குது!"

சொல்லி முடித்த உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்? அப்பா நான் விசிறிய டி-ஷர்ட்டை எடுத்தார். அதன் கைகளை உள்ளே மடக்கி, யானை மேலே தெரிகிற மாதிரி ஒழுங்காக மடித்து வைத்தார். எழுந்து வீட்டுக்கு நடந்தார். தூத்துக்குடி அம்மாள் தாங்கிப் பிடிக்கப் போனாள், அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். பெட்டியை மறுபடி ஒட்டி லாரி நாலு மணிக்குப் போனது. தாமதத்துக்காக ஆர்டர் கொடுத்தவர்களிடம் எனக்குத் திட்டு விழுந்ததெல்லாம் ஞாபகம் இல்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் அவர் அறைக்குப் போனேன். ஆனால் என் வாய் நியாயம் பேசத்தான் ஆரம்பித்தது. உங்கள் நல்லதுக்காகச் செய்தேன், டாக்டர் சொன்னார், நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்களே என்று அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"மொத நாளே சொல்லியிருக்கலாமே கண்ணு. இத்தன ஓட்டைய உட்டுட்டீங்க, கண்ணு தெரியல, இந்த வேலைக்கு நீங்க ஆகமாட்டீங்கன்னு. நான் வேற என்ன முடியும்னு பாத்திருப்பேன். தப்புப் பண்ணுனா அது என்ற தப்புங்கறதாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அதையும் நீ எடுத்துக்கிட்டயே" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் நடந்த ஒன்று அப்போது நினைவில் வந்து விழுந்தது. முதன்முதலாக ஒரு லாட்டை நானே பார்க்கிறேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினேன். கழுத்துப் பட்டியின் அளவை நான் குறைத்துச் சொல்லிவிட்டேன், முந்நூறு பீஸும் தைத்தாயிற்று, எந்தக் குழந்தையின் தலையும் அதில் நுழையாது. நான் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அப்பா வந்து ஒரு பீஸை எடுத்துத் தன் முழங்கையில் மாட்டிப் பார்த்துச் சிரித்தார். "நீ சொன்ன அளவு. நீயே உக்காந்து பிரிச்சுத் தெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார். மூன்று நாள் நான் தையல் பிரித்தேன். விரல் வீங்கிப் போனது. அதற்குப் பிறகுதான் டெய்லர்கள் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்தத் தப்பை அப்பா தன்னுடையதாக்கிக்கொண்டு மறைத்திருந்தால் நான் இன்றும் பாப்பாதான்.

என் மகள் இரண்டு வயதில் சோற்றுக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு "நானே, நானே" என்று பாதியைத் தரையில் கொட்டுவாள். பதினாறு வயதில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என்ன படிப்பது என்று நானே முடிவு செய்வேன் என்றாள். அதையெல்லாம் வளர்கிறாள் என்றேன். அப்பா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டபோது மட்டும் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தேன். அறுபதைத் தாண்டிய இந்த வயதில் அதே மகள் போனில் "மாத்திரை போட்டீங்களாம்மா, பொய் சொல்லாதீங்க" என்று அதட்டுகிறாள். எனக்கு வருகிற ஆத்திரத்தில் போட்ட மாத்திரையைத் துப்பிவிடலாம் போல இருக்கிறது.

மறுநாள் ஆசாரியை வரச் சொல்லித் தாழ்ப்பாளைப் பழையபடி போட்டேன். அப்பா அதைத் தொடவே இல்லை. கதவைச் சும்மா சாத்திக்கொண்டு முன்போலவே இருமிக்கொண்டு குளித்தார். நான் வெளியே நின்று அதைக் கேட்டேன். பிடுங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பத்து நாள் அவர் கம்பெனிப் பக்கம் வரவில்லை. பேச்சும் இல்லை. கொடுத்ததில் பாதியைச் சாப்பிட்டார். பதினோராம் நாள் காலை நான் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. கைத்தடி இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை, மஞ்சள் பை ஒன்று ஆணியில் தொங்கும், அதுவும் இல்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். வீட்டுக்காரருக்குப் போன் செய்து பெருமாநல்லூர்ப் பக்கம் பார்க்கச் சொன்னேன். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர்தான் சொன்னார்: "பெரியவரு அவிநாசிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டாருங்க. போர்டு தெரியலீன்னாரு. நாந்தானுங்க ஏத்தி உட்டேன்."

அவிநாசி என்றதும் எனக்குச் சேவூர்தான் தோன்றியது. சேவூர் என்றதும் விற்ற காட்டில் இருக்கிற அந்தக் கிணறு. ஒரு மழையில் அது மறுபடி நிறைந்துவிட்டது என்று அப்பாவே முன்பு சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும், நான் ஒன்றும் குழந்தை இல்லை. அவிநாசி போகிற வழியெல்லாம் வாய்விட்டு அழுதேன். லாரிக்காரன் ஒருத்தன் ஹாரனை அடித்துத் திட்டிவிட்டுப் போனான். நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் செத்துப்போயிருந்தால் நான்தான் கொன்றேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் சேவூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஓர் ஆட்டோக்காரர், "வெள்ளச் சட்டை, கைத்தடி, எடது கை வராதுங்களே, அவருங்களா? கண் முகாமுக்கு வழி கேட்டாருங்க. பள்ளிக்கூடத்துல எறக்கி உட்டேன்" என்றார். கண் முகாம்! போன வாரம் முழுக்க ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் அறிவித்துக்கொண்டே போனார்கள். எனக்கு அது சத்தம், அவ்வளவுதான். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறார்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. சோதித்துப் பார்த்து ஆபரேஷனுக்கு எடுத்தவர்களைக் கோயமுத்தூர் கூட்டிப்போகிற பஸ். உள்ளே வரிசையாக வயதானவர்கள். மூன்றாவது சீட்டில், ஜன்னல் ஓரம், மடியில் மஞ்சள் பையோடு அப்பா. எந்தக் கண் என்று தெரிவதற்காக வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி ஒரு நிமிஷம் நின்றிருக்கும். அடுத்த நிமிஷம் என் பழைய குணம் முந்திக்கொண்டது. படியேறிப் போய் அவர் கையைப் பிடித்தேன். "எறங்குங்ப்பா! நான் ஏசி ரூம் போட்டுக் கூப்புட்டப்ப வரமாட்டேன்னீங்க, இப்ப இந்த இலவச முகாம்ல வந்து உக்காந்திருக்கீங்க. ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா? எறங்குங்க, நானே கூட்டீட்டுப் போறேன்!"

அப்பா எழுந்திருக்கவில்லை. முகாம்காரப் பெண் ஒருத்தி பட்டியலோடு வந்து, "இவருக்குக் கூட ஆள் இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே. நீங்க யாருங்க?" என்று கேட்டாள். "என்ற பொண்ணுங்க" என்றார் அப்பா. "கையெழுத்து நானே போட்டாச்சுங்க. அதே இருக்கட்டும்."

என் கை தானாக அவர் கையை விட்டது. பஸ்ஸுக்குள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஏனுங்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ கூட்டீட்டு வந்திருப்பியே கண்ணு" என்றார்.

டிரைவர் இன்ஜினைப் போட்டார். கூட வருகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அனுமதி கேட்டேன்.

"நான் கூட வரட்டுங்களாப்பா?"

அவர் பையை மடியில் ஒரு தடவை நகர்த்தி வைத்தார். உண்மையாகவே யோசித்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வேண்டாங் கண்ணு. வெள்ளிக்கெழமை பொழுதோட வந்துருவேன்."

எனக்கு உயிரே போவது போலத்தான் இருந்தது. இறங்கிவிட்டேன்.